உவர் நிலத்து விதை



மாற்கு நற்செய்தி 4ஆம் அதிகாரத்தில் விதைத்தவர் தூங்கி எழுகிறார். விதை எப்படி முளைக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. விதைத்தும் முளைக்காத நிலத்தைப் பார்த்தவர்கள் நாம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று நம் நாகப்பட்டினம் கரையோரத்தில், சம்பா நின்ற வயலில் சுனாமியாகக் கடல் வந்து நின்றது.

கடல் போனாலும் உப்பு மண்ணில் தங்கியது. உவர் மண்ணில் ஈரம் விதைக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் உப்பு அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். தட்டுத்தடுமாறி முளை விட்டாலும், அந்த நெருக்கடியில் நாற்று எத்திலீன் என்ற வாயுவைத் தனக்குள் சுரக்கிறது. அது மிஞ்சினால் வேர் ஓடாது. உப்பு பாதி கெடுக்க, மீதியை அதன் தவிப்பே கெடுத்துவிடுகிறது. இதைப் படித்தபோது நம் பங்கில் சில வீடுகள் என் கண்முன் வந்தன.

வேரை ஒட்டி வாழும் சில பாக்டீரியாக்கள் இங்கேதான் உதவிக்கு வருகின்றன. எத்திலீனாக மாறவிருக்கும் பொருள் விதையிலிருந்தும் வேரிலிருந்தும் கசியும்போது, அதையே அவை உணவாக உண்டுவிடுகின்றன. எத்திலீன் குறைகிறது, வேர் நீள்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் கிளிக்கும் அவருடன் இருந்தவர்களும் 1998இல் இதை விளக்கினார்கள். உப்பு மிதமிஞ்சிப் போனால் இவற்றாலும் முடியாது. மழை கழுவ வேண்டும். மற்றபடி, மண்ணில் உப்பு இருக்கும்போதே பயிர் எழுகிறது. விதைத்தவர் தூங்கும்போது விழித்திருக்க, ஆண்டவர் இவற்றை மண்ணுக்குள் குடிவைத்திருக்கிறார்.

விதைப்புக்கு முன் ஓர் அம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற வேர் பாக்டீரியாத் தூள் கலந்து, இரவெல்லாம் ஊறவைத்து, சாக்கில் கட்டி வைக்கோல் மூடியிருந்தார். பிரித்ததும் கையில் சூடு தட்டியது. நெல்மணியின் நுனியில் வெள்ளையாக ஊசிமுனை அளவு முளை.

“சாக்குல எல்லாம் முளைச்சிரும் சாமி. வயல்ல எறங்குனாத்தான் பாடு. அதான் தனியா அனுப்புறதில்ல” என்றார்.

கணவரைக் கடலில் பறிகொடுத்தவர், கடனில் கதவைச் சாத்திக்கொண்டவர் நம் அன்பியங்களில் இருக்கிறார்கள். போனவரை நாம் மீட்டுத் தர முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் அழுவதைக் கேட்கலாம். வெள்ளிக்கிழமை ஜெபமாலை முடிந்ததும் போய் வாருங்கள். கூட்டமாக வேண்டாம், இரண்டு பேர் போதும்.