அறிதலும் கடமையும்

நோயைக் கண்டறியும் கருவியொன்றைக் குறித்து ஒழுக்க வினா எழுப்புவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். கருவி உள்ளதை உள்ளவாறு காட்டுகிறது. அறிதல் தன்னளவிலேயே நன்மை. அதற்குமேல் கேட்பதற்கு என்ன உண்டு என்பர். இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. ஒரு மனிதனின் நோயை அறிந்த சமுதாயம், அவ்வறிவினாலேயே அவனுக்குக் கடன்பட்டதாகிறது என்பதே எமது கருத்து. காசநோயின் வரலாறு இதற்குச் சான்று.

1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் திகதி, பேர்லின் நகரில் றொபேட் கொக் காசநோய்க் கிருமியைத் தாம் கண்டறிந்த செய்தியை அறிவித்தார். அதன்பின் நூறாண்டுகளுக்கு மேலாக, நோயாளியின் சளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்ப்பதே வறிய நாடுகளின் பிரதான சோதனையாக இருந்து வந்தது. சளியிற் கிருமிகள் குறைவாயின் அவை கண்ணுக்குத் தப்பிவிடும். கிருமியை வளர்த்துப் பார்ப்பதாயின் வாரக்கணக்கிற் காத்திருத்தல் வேண்டும்.

2010 டிசெம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஜீன்எக்ஸ்பேர்ட் என்னும் கருவிகொண்டு செய்யும் சோதனையை அங்கீகரித்தது. இரசாயனக் கரைசலுடன் கலந்த சளியைச் சிறு பேழையொன்றில் இட்டுப் பொருத்தினால், அக்கருவி கிருமியின் பரம்பரையலகுப் பகுதியைப் பன்மடங்காகப் பெருக்கிக் காட்டுகிறது. நோய் உண்டா? றிபாம்பிசின் என்னும் முதன்மை மருந்துக்கு அக்கிருமி அடங்குமா? இரு வினாக்களுக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துள் விடை கிடைக்கிறது. மனித அறிவின் பெருவெற்றி இது என்பதில் ஐயமில்லை.

ஆயின் நடந்தது என்ன? தென்னாபிரிக்கா 2011 முதல் இக்கருவிகளை நாடெங்கும் பரப்பியது. அங்கே பழைய சோதனையையும் புதியதையும் ஒப்பிட்ட பெரும் ஆய்வொன்றின் முடிவுகள் 2015இல் வெளிவந்தன. புதிய கருவியினால் ஆறு மாதங்களுள் நிகழும் மரணங்கள் குறைந்தன என்று நிறுவ முடியவில்லை. இயந்திரங்கள் நோயாளி வந்து நிற்கும் சிகிச்சை நிலையத்தில் அல்ல, ஆய்வுகூடங்களில் இருந்தன. சளி அங்கே போக வேண்டும். பெறுபேறு திரும்பி வர வேண்டும். நோயாளி மீண்டும் வர வேண்டும். பஸ்ஸுக்குக் காசில்லாதவனுக்கு, ஒரு நாட்கூலியை இழக்க இயலாதவனுக்கு, இரண்டு மணி நேர விஞ்ஞானம் நாட்கணக்காக நீண்டுவிடுகிறது. நோய் உறுதியானோரிலும் ஒரு பகுதியினர் உரிய காலத்திற் சிகிச்சையைத் தொடங்கவேயில்லை.

இதனாற் கருவி பயனற்றது என்பது எமது முடிபன்று. கருவி விரைந்தது, அதைச் சூழ்ந்த சமுதாய அமைப்பு விரையவில்லை என்பதே முடிபு.

விலையையும் நோக்குவோம். இத்தொழில்நுட்பத்தின் வளர்ச்சிக்கு அமெரிக்கப் பொதுமக்களின் வரிப்பணம் பெருமளவிற் செலவாயிற்று. 2001இல் அந்நாட்டில் ஆந்திராக்ஸ் நச்சுக்கிருமிக் கடிதங்கள் பரவியபின், அஞ்சல் பிரிக்கும் நிலையங்களைக் காப்பதற்கு இதுவே அமர்த்தப்பட்டது. வறியவரின் நுரையீரலுக்கு அது வந்து சேர மேலும் பல்லாண்டுகள் சென்றன. 2012இல் நன்கொடை நிறுவனங்கள் பணம் செலுத்திய பின்னரே வறிய நாடுகளுக்குப் பேழையின் விலை 9.98 டொலராக இறங்கியது. விலையை 5 டொலராக்குக என்ற இயக்கம் பல்லாண்டுகள் நடந்தது. 2023இலேயே அது 7.97 டொலராயிற்று. இலாபமின்றேல் கண்டுபிடிப்பில்லை என்போர், முதலிட்ட பொதுமக்களுக்குரிய பங்கு எங்கே என்பதற்கும் விடை கூறல் வேண்டும்.

அறியாமையால் நேர்ந்த மரணத்துக்கு எம் முன்னோர் விதியைக் காரணம் காட்டினர். நோயின் பெயரும் அதற்கான மருந்தும் தெரிந்த பின்னர் நேரும் மரணத்துக்கு விதியைச் சாட்ட எமக்கு உரிமையில்லை. விஞ்ஞானத்தை வகுப்பறையிற் கற்பிப்போரும் கற்போரும் கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதோடு நின்றுவிடாது, அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, யாருக்கு எட்டாதிருக்கிறது என்றும் கேட்பார்களாக. அக்கேள்வியும் விஞ்ஞானக் கல்வியின் பகுதியே.