படிக்கலை சார்

சாத்தூரில் இறங்கி பஸ் மாறினால் ஏழாயிரம்பண்ணை. கரிசலும் சீமைக்கருவேலமும் தாண்டி, பொட்டலில் சின்னச் சின்ன அறைகள் தள்ளித் தள்ளி நின்றால் அது பட்டாசு ஆலை என்று அர்த்தம். ஒன்று வெடித்தால் பக்கத்து அறையாவது தப்பட்டும் என்றுதான் அந்த இடைவெளி.

அந்த ஊர்ப் பையன் ஒருவன் சென்ற வருஷம் ஜூனில் என்னைப் பார்க்க வந்தான். அவனுடைய தாய்மாமன் ஒரு காலத்தில் என்னோடு ஆபீஸில் இருந்தவர். "சார் எழுதுறவரு, நல்லா ஒரு லெட்டர் போட்டுத் தருவாரு" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

விஷயம் இதுதான். ப்ளஸ் டூவில் பையன் 600-க்கு 318. கேட்ட கல்லூரி எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்த கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்தான். அங்கே ஒரு வாத்தியார் வாய்த்தார். அவர் என்ன செய்தார் என்று பையனுக்கும் சொல்லத் தெரியவில்லை. "அவர் போர்டுல போடும்போது புரிஞ்சிச்சு சார்" என்றான், அவ்வளவுதான். இரண்டு செமஸ்டரிலும் வகுப்பில் முதல். இப்போது மதுரையில் பேர்பெற்ற ஒரு கல்லூரியில் இரண்டாம் வருஷம் சேர ஆசை. அங்கே ஒரு இடம் காலி. ஆனால் ஆபீஸில் முதலில் கேட்டது ப்ளஸ் டூ மார்க் ஷீட்டை. பார்த்துவிட்டு, "மார்க் ஏன் இவ்வளவு கம்மின்னு ஒரு விளக்கம் எழுதிக் குடு தம்பி, கமிட்டியில வைக்கிறோம்" என்றார்களாம்.

நான் பேனாவை எடுத்துக்கொண்டேன்.

"ப்ளஸ் டூ படிக்கும்போது வீட்ல ஏதாவது கஷ்டமா?"

"இல்ல சார்."

"அப்பா பட்டாசு ஆலையில வேலையா?"

"மளிகைக் கடை சார்."

"உடம்பு கிடம்பு சரியில்லாம..."

"நல்லாத்தான் இருக்காரு."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. ஏழாயிரம்பண்ணை என்ற பெயரைக் கேட்டதுமே மனசுக்குள் ஒரு கதை தயாராகிவிட்டது. கருகிய சட்டை, ஆஸ்பத்திரி வராந்தா, மண்ணெண்ணெய் விளக்கு. (அந்த ஊரில் கரண்ட் வந்து எவ்வளவோ காலமாகிறது. நம் கற்பனைக்குத்தான் இன்னும் வரவில்லை.)

"அப்ப ஏம்ப்பா மார்க் கம்மி?"

"படிக்கலை சார்."

செல்போன், கிரிக்கெட், கூட்டாளிகள். வேறு ஒன்றும் இல்லை.

மாமனுக்குப் போன் போட்டேன். அவர் அசரவில்லை. "வெடி விபத்துன்னு ரெண்டு வரி சேருங்க சார். அட்ரஸைப் பாத்தாலே நம்பிருவான். யாரு வந்து விசாரிக்கப் போறா?"

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பையன் குனிந்து அதனிடம் பேசினான்: "வேண்டாம் மாமா. அச்சங்குளத்துல செத்தவங்க வீட்டுப் பிள்ளைங்களும் படிக்குதுங்க. அது அவங்களோடது. அதை நான் எடுத்துக்க முடியாது."

2021 பிப்ரவரி 12-ஆம் தேதி சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அப்போது இவன் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்திருப்பான்.

அன்று ராத்திரி நான் கடிதம் எழுதவில்லை. யோசனைதான் ஓடியது. தோற்றவனை மன்னிப்பதற்கு நமக்கு ஏன் ஒரு சாவோ நோவோ தேவைப்படுகிறது?

இன்னொரு வகையிலும் மன்னிப்போம். ராமானுஜனைப் பாருங்கள். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றதைக் கவனிக்காமல் அதை இழந்தார். 1906-ல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எஃப்.ஏ. பரீட்சையில் அங்கேயும் தேறவில்லை, ஒரு தடவை அல்ல. எஃப்.ஏ. தேறாத அந்த மனிதர்தான் 1914-ல் கேம்பிரிட்ஜ் போனார். இதை இப்போது நாம் பெருமையாகச் சொல்கிறோம். மேதை ஆகிவிட்டால் பழைய ஃபெயிலும் பதக்கமாகிவிடுகிறது.

துயரமும் இல்லை, மேதைமையும் இல்லை, பதினேழு வயதில் சும்மா விளையாடிவிட்டு பத்தொன்பது வயதில் புத்தி வந்தவனுக்கு என்ன வழி? என்னையும் சேர்த்து நம்மில் பாதிப் பேர் அந்த ரகம்தான். அதிலும் விருதுநகர் மாவட்டம் ப்ளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல வருஷம் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தது. அப்படிப்பட்ட மாவட்டத்தில் 318 எடுத்தவன் தெருவில் நடப்பதே கஷ்டம்.

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம் படித்துவிட்டு பெரிய பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷம் சேர்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அங்கே பார்ப்பது காலேஜ் மார்க்கை. ஒரே வருஷத்தில் மாறப்போனால் அமெரிக்காவிலும் பல இடங்களில் பள்ளி மார்க்கைக் கேட்கத்தான் செய்கிறார்கள். நம் ஊரிலும் ஒரு கதவு உண்டு: பத்தாவதோடு பாலிடெக்னிக் போனவர்கள் டிப்ளமோ முடித்து நேரே பி.இ. இரண்டாம் வருஷம் சேரலாம். கலைக் கல்லூரிகளில் அப்படி அகலமான கதவு இல்லை. விடுகிற கல்லூரி, எடுக்கிற கல்லூரி, பல்கலைக்கழகம் எல்லாம் சம்மதிக்க வேண்டும். ஏழாயிரம்பண்ணைக்காரர்களுக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. சாத்தூர் பஸ் ஏறினால் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக் கல்லூரி. கோவில்பட்டி பஸ் ஏறினால் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக் கல்லூரி. பஸ்ஸை மாற்றினால் பாடத்திட்டமே மாறிவிடும்!

பையன் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று நினைத்திருந்தபோது, கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் குறுக்கே வந்தார்.

"அவன் விட்டுட்டுப் போற சீட்டு என்ன ஆகும் தெரியுமா? ரெண்டு வருஷம் காலியாவே கிடக்கும். போன ஜூன்ல அந்த சீட் கிடைக்காம திரும்பிப் போன பிள்ளை இந்நேரம் எங்க இருக்கோ! அதை விடு. யாரும் எடுக்காதவனை ஒரு காலேஜ் எடுத்துச்சு. படிக்க வச்சது. படிப்பு வந்ததும் இவன் மதுரைக்குப் போயிருவான். பலன் எல்லாம் பெரிய காலேஜுக்கு. அந்தக் கணக்கு வாத்தியார் அடுத்த வருஷம் யாரைப் பார்த்துப் பாடம் நடத்துவாரு?"

இதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. நல்ல மாணவன் ஒருவன் வகுப்பில் இருந்தால் அவனைச் சுற்றி நாலு பேர் பாஸாவார்கள். பரீட்சைக்கு முன்னால் இவன்தான் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பானாம். அவன் போனால் அவர்களுக்கு நஷ்டம்தான். ஆனால் அந்த நஷ்டத்தைப் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனே சுமக்க வேண்டும் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நாங்கள் ரெண்டு பேரும் சம்பள உயர்வுக்காகவே வேலை மாறியவர்கள். அப்போது எங்களிடம் யாரும் நன்றியைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் பையனிடமே கேட்டேன், அந்த வாத்தியார் என்ன சொன்னார் என்று.

"டி.சி. ஃபாரத்துல கையெழுத்துப் போட்டாரு சார். எதுவும் சொல்லலை. அப்புறமா அவரோட புக் ஒண்ணு குடுத்தாரு." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கடிதத்தை அவனையே எழுதச் சொன்னேன். நான் திருத்தியது இரண்டு எழுத்துப் பிழைகள் மட்டும். மூன்று வரி: ப்ளஸ் டூவில் நான் சரியாகப் படிக்கவில்லை. அதற்கு வேறு காரணம் இல்லை. முதல் வருஷ மதிப்பெண்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

கமிட்டியில் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "செல்போன் இப்ப எங்கே?" என்று கேட்டாராம். "பையில இருக்கு சார், ஆஃப் பண்ணி" என்றானாம் இவன். இடம் கிடைத்துவிட்டது. தன்னாட்சிக் கல்லூரி, அதனால் பாடத்திட்டம் வேறு. முதல் வருஷப் பேப்பர் இரண்டை நவம்பரில் ஜூனியர்களோடு உட்கார்ந்து எழுத வேண்டும் என்று நிபந்தனை.

மாமனுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. "வெடி விபத்துன்னு போட்டிருந்தா அந்த ரெண்டு பேப்பரையும் விட்டிருப்பான் சார்" என்கிறார்.