மீட்பும் மீள்தலும்

கருணை கொடுப்பவனின் உள்ளத்தில் பிறக்கும் உணர்ச்சி. அதன் தகுதியோ பெறுபவனின் வாழ்விலேயே அளக்கப்பட வேண்டும். மனிதருக்கிடையே நிகழும் அறச்செயல்களிலேயே இந்த எளிய உண்மையை நாம் மறந்துவிடுகிறோம். விலங்குகளுக்குச் செய்யும் தொண்டில், பெறுபவை வாய்திறந்து பேசமாட்டாவாதலின், அதை மறப்பது இன்னும் எளிதாகிறது.

காயமுற்ற, தாயை இழந்த காட்டு விலங்குகளை மீட்டுப் புனர்வாழ்வளிக்கும் நிலையங்கள் இன்று உலகின் பல பகுதிகளில் உள்ளன. மழைக்காடுகளை அடுத்த நிலையங்களுக்கு மேலைநாட்டு இளைஞர்கள் தொண்டர்களாக வருகின்றனர். ஊதியம் பெறாதது மட்டுமன்று, பல இடங்களில் தாமே கட்டணம் செலுத்திச் சில வாரங்கள் தங்குகின்றனர். கூண்டு கழுவுகின்றனர், பழம் நறுக்குகின்றனர், கழிவு அள்ளுகின்றனர். இவர்களை எள்ளி நகையாடுவது எமது நோக்கமன்று. பிறிதோர் உயிரின் கழிவை அருவருப்பின்றி அள்ளும் கை மதிக்கத்தக்கதே. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது: அத்தொண்டு யாரை முன்னிட்டு நடைபெறுகிறது?

போர்னியோத் தீவின் சபா மாநிலத்தில், செபிலொக் என்னுமிடத்தில், 1964ஆம் ஆண்டு ஒரு நிலையம் நிறுவப்பட்டது. தாயற்ற ஒராங் ஊத்தான் குட்டிகளை மீண்டும் காட்டு வாழ்வுக்குப் பழக்குவது அதன் பணி. மலாய் மொழியில் 'காட்டு மனிதன்' எனப் பொருள்படும் பெயர் கொண்ட இவ்வாலில்லாக் குரங்கின் குட்டி, ஆறேழு ஆண்டுகள் தாயை அண்டி வாழ்ந்தே மரமேறவும், உண்ணத்தக்க கனியை இனங்காணவும், உறங்குவதற்கு இலைப்படுக்கை அமைக்கவும் கற்கிறது. தாய் மடிந்தால் குட்டி பாலை மட்டுமன்றிப் பள்ளிக்கூடத்தையும் இழக்கிறது. நிலையத்தார் காட்டினுள் மேடை அமைத்து உணவு வைக்கின்றனர். ஆனால் அவ்வுணவை வேண்டுமென்றே சுவை மாறாததாக வைக்கின்றனர். ஒரே உணவு சலித்து, விலங்கு தானே இரைதேடிக் காட்டினுட் செல்லவேண்டும் என்பதே அவர்தம் எண்ணம்.

எமது நாட்டிலும் இரு நிலையங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1975இல் தொடங்கப்பட்டுப் பின்னவலையில் இயங்கும் யானைகள் சரணாலயம் ஆதரவற்ற குட்டிகளின் உயிரைக் காத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கு வளரும் யானைகள் காட்டுக்குத் திரும்புவதில்லை. உல்லாசப் பயணிகளின் கண்முன்னே ஆற்றுக்கு நடந்து, குளித்து, காட்சிப்பொருளாகவே முதுமையடைகின்றன. 1995இல் வனசீவராசிகள் திணைக்களம் உடவலவையில் நிறுவிய நிலையமோ வேறு நெறியைக் கைக்கொண்டது. அங்கே பார்வையாளர் குட்டியைத் தொடலாகாது. தொலைவில் நின்று பாலூட்டலைக் காணலாம், அவ்வளவே. ஏறக்குறைய ஐந்து வயதானதும் குட்டிகள் கூட்டமாகத் தேசிய வனங்களில் விடப்படுகின்றன. இவ்வாறு நூற்றுக்கும் மேற்பட்டவை காடு திரும்பியுள்ளன.

தொண்டரின் உள்ளம் குட்டியை அணைக்கத் துடிக்கிறது. அணைத்தபடி படம் எடுத்துக்கொள்ளவும் விழைகிறது. ஆனால் மனிதனை அஞ்சாத விலங்கு நாளை ஊரை நாடிவந்து துப்பாக்கிக்கு இரையாகலாம். மனிதனின் சாதாரணத் தடிமன்கூட அக்குரங்கைக் கொல்லக்கூடும். எனவே இங்கு அன்பின் உயர்ந்த வடிவம், தொடாதிருத்தலே. தன் அன்பைத் தானே அடக்கியாளத் தெரியாதவர் விலங்குக்கன்று, தம் மனநிறைவுக்கே தொண்டு செய்கிறார்.

உடவலவை நிலையத்தின் ஆங்கிலப் பெயர் 'இடைத்தங்கல் இல்லம்' எனப் பொருள்படும். இடைத்தங்கல் என்ற சொல் எமக்குப் புதிதன்று. மழைக்காடு எதுவுமற்ற, பனங்கூடல் நிறைந்த காரைநகர் மக்களும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போரினால் ஊரைவிட்டு அகன்றவர்களே. முகாமில் வேளைக்குச் சோறு கிடைத்தாலும் அது வாழ்வாகாது என்பதை எமது பெற்றோரின் தலைமுறை நன்கறியும். நிவாரணத்தை எண்ணிக்கையால் அளந்தவர்கள் பலர். ஊர் திரும்ப வழியுண்டா எனக் கேட்டவர்கள் சிலரே.

"மனிதருக்கே நாதியில்லாதபோது குரங்குக்கு என்ன தொண்டு?" என்று மாணவர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஆனால் இரு துயரங்களுக்கும் வேர் ஒன்றே என்பதை அது காணத் தவறுகிறது. போர்னியோவில் ஒராங் ஊத்தான் வாழ்ந்த காட்டை மரக் கம்பெனிகள் வெட்டின. செம்பனைத் தோட்டங்கள் விழுங்கின. அதே இலாபத்துக்காக அத்தோட்டங்களில் உழைப்பவர்களிற் பலரும் பிறநாட்டிலிருந்து பிழைக்கவந்த ஏழைகளே. தீபகற்ப மலாயாவில் காடழித்து ரப்பர் நட்டதில் தமிழ்த் தொழிலாளியின் வியர்வை கலந்திருந்தது. மலாயாப் பென்ஷன் பணம் யாழ்ப்பாணத்தில் கல்வீடுகளாக எழுந்தது. காடழிந்த கணக்கில் எமக்கும் ஒரு வரி உண்டு. இலங்கையில் யானையைச் சுடும் விவசாயியும் கொடியவனல்லன். ஓர் இரவில் ஆண்டு முழுவதற்குமான விளைச்சலை இழப்பவன். நிலத்தைப் பங்கிட்ட முறையைக் கேள்விக்குட்படுத்தாமல் அவனை மட்டும் குற்றவாளியாக்கும் விலங்குநேயம், வர்க்க ஆணவத்தின் மறுவடிவமே.

ஆகவே தொண்டரின் கடமை கூண்டு கழுவுவதோடு முடிவதில்லை. ஊர் திரும்பியபின் தாம் பூசும் சவர்க்காரத்திலும், உண்ணும் பிஸ்கட்டிலும் உள்ள எண்ணெய் எந்தக் காட்டின் மீது விளைந்தது, அங்கு உழைத்தவனுக்கு என்ன கூலி கிடைத்தது என்று அவர் கேட்கவேண்டும். மீட்கப்பட்ட குட்டி வளர்ந்து, கூண்டின் கதவு திறக்கப்படும் நாளில், அதற்கு வேண்டியது இன்னொரு வாழைப்பழமன்று. திரும்பிச் செல்ல ஒரு காடு. அந்தக் காடு நிற்கிறதா என்று கேட்காத கருணை, பாதி வழியிலேயே நின்றுவிட்ட கருணையாகும்.