கயிற்றின் மறுமுனை

முத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மூழ்கியவரின் வீரத்தைப் பேசுகின்றோம். அவரை மேலே இழுத்தவரைப் பற்றிப் பேசுவதில்லை. நம் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அதுவரை, கல்லின்மேல் காலூன்றி மூச்சடக்கி இறங்கியவரின் உயிர், தோணியில் நின்றவரின் கையிலிருந்த கயிற்றில் அல்லவா தொங்கிக்கொண்டிருந்தது? அக்கயிற்றை மைத்துனர்தாம் பிடிக்க வேண்டும் என்றொரு வழக்கு இக்கடற்கரையில் உண்டு. தன் உடன்பிறந்தாள் தாலியிழக்க எவனும் சம்மதியான் என்ற கணக்கு அதில் அடங்கியிருக்கிறது. கூர்மையான கணக்குத்தான்! நம் முன்னோர் காவலை நல்லெண்ணத்தின் பொறுப்பில் மட்டும் விட்டுவிடவில்லை; உறவிலும் முடிந்து வைத்தார்கள்.

காத்து நிற்பதையே கடமையாகக் கொண்டவர்களின் நிலை விளையாட்டுக் களத்திலும் ஏறத்தாழ இதுவே. தஞ்சை மாவட்டத்தில் 1975-இல் பிறந்த தர்மராஜ் சேரலாதனை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கபடியில் பாடிச் செல்பவர் அல்லர். வலது மூலையில் நின்று, பாடி வருபவரின் கணுக்காலைப் பற்றுபவர். 2016-இல் புரோ கபடிக் கோப்பையை வென்ற பாட்னா அணியின் தலைவர் அவரே. அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்றார்; அப்போது அவருக்கு வயது 41. தம்மில் பாதி வயதினரோடு விளையாடிய அவரை, வடநாட்டு இளைஞர்களும் ‘அண்ணா’ என்றே அழைத்தார்கள். 2019-இல் அரியானா அணியை வழிநடத்தினார்; அதன் பின்னரும் ஜெய்ப்பூர் அணிக்காகக் களம் கண்டார். ஆயினும், அந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவர், பாடிச் சென்று புள்ளிகளைக் குவித்த அஜய் தாக்கூர்தான். அதில் குற்றமில்லை. நிகழ்ந்ததை நினைவில் வைப்பது எளிது. நிகழாமல் தடுக்கப்பட்டதை எப்படி நினைவில் வைப்பது?

கபடியின் விதியொன்று நம்மை வெகுவாகச் சிந்திக்க வைக்கிறது. மூலையில் நிற்பவர் பாய்ந்து காலைப் பற்றுகிறார். பிடி நழுவி, பாடி வந்தவர் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால், பற்றியவர் வெளியேற வேண்டும். தொடாமல் ஒதுங்கி நின்றவருக்கோ ஒன்றுமில்லை. காக்க முன்வருபவருக்கே ஆபத்து! பக்கத்தில் நிற்பவர் அடுத்த நொடியே பாய்ந்து இடுப்பை வளைத்தால்தான் பெரும்பாலும் முதல் பிடி நிலைக்கும். நிலைத்துவிட்டாலோ, வெளியே அமர்ந்திருக்கும் தோழர் ஒருவர் மீண்டும் களம் புகுவார். ஆக, காப்பவர் தோழருக்கு மறுவாழ்வு தருகிறார்; ஆனால் தாம் காப்பாற்றப்படுவதற்கு இன்னொருவரின் கையை எதிர்பார்த்து நிற்கிறார்.

“மறைவில் செய்யும் நன்மையே மேலானது, அதற்குப் பாராட்டு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்று கற்று வளர்ந்தவர்கள்தாமே நாம்? உண்மையே. எனினும் அது கொடுப்பவருக்கு உரிய அறம். பெற்றுக்கொள்பவர் அதையே காட்டித் தம் கடனிலிருந்து நழுவிக்கொள்வது எவ்வகை நீதி? பிறருடைய தாழ்ச்சியை நம் மறதிக்குப் போர்வையாக்கிக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

அம்மறதி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. அங்குக் கால்பந்து என்று வழங்கும் விளையாட்டில், தலைக்கவசம் அணிந்தவர்கள் உடல் முழுவதையும் ஆயுதமாக்கி மோதுகின்றார்கள். நோத்ர்தாம் என்னும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பயின்ற டேவ் டியூர்சன், 1985-ஆம் பருவத்தில் வாகை சூடிய சிகாகோ அணியின் தடுப்பாட்டக்காரர். பிற்காலத்தில், ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்கள் உடல் ஊனத்திற்காக உதவித்தொகை கோரி அனுப்பிய விண்ணப்பங்களை ஆராயும் குழுவிலும் அவர் இருந்தார். 2011 பிப்ரவரியில், தம் மூளையை ஆராய்ச்சிக்குத் தருமாறு வேண்டிக்கொண்டு, 50 வயதில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அச்செயலை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் தலையில் மீண்டும் மீண்டும் அடிபடுவதால் மூளை சிதையும் நோய் அவருக்கு இருந்ததை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. பிறருடைய காயங்களுக்கான கோரிக்கைகளை எடைபோட்டவரின் காயத்தை, அவர் உயிரோடிருந்தபோது யார் எடைபோட்டார்கள்? அரங்கம் ஆர்ப்பரித்தது, ஆர்ப்பரித்தவர்கள் வீடு திரும்பினார்கள். கயிற்றின் மறுமுனையில் ஒருவரும் இல்லை.

அமெரிக்காவை விட்டுவிடுவோம். முத்துக்குளிப்பு நின்றாலும் சங்குக்குளிப்பு நம் ஊரில் நிற்கவில்லை. திரேஸ்புரத்திலிருந்து செல்பவர்கள், இயந்திரம் அழுத்தித் தரும் காற்றைக் குழாய்வழியே சுவாசித்துக்கொண்டு கடலின் அடிக்கு இறங்குகின்றார்கள். நீரின் அழுத்தம் செவிப்பறையைத் தாக்கும். விரைந்து மேலேறினால் மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். கடலில் இருக்கும்வரை அக்குழாயைக் கவனிக்கத் தோணியில் ஒருவராவது இருக்கிறார். கரையேறியபின்? வயது முதிர்ந்து, இனி இறங்க இயலாது என்றானபின்? இக்கடலின் சங்கு வங்காளத்து மணமகளின் கையில் வளையலாக ஏறுகிறது. அதை எடுத்து வந்தவர் ஞாயிறு திருப்பலியில் நம் பக்கத்தில் அமர்ந்திருக்கக்கூடும். எழுந்தேற்றத்தின்போது ஒலிக்கும் மணி அவர் செவியில் விழுகிறதா என்று, என்றாவது ஒருநாள் அவரைக் கேட்டிருக்கின்றோமா?