பக்குவம் யார் கையில்?

என் பேத்திக்கு இரண்டு வயது நெருங்குகிறது. ஆய் வரும்போது கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறாள். மதியத் தூக்கம் கலைந்த பிறகும் ஜட்டி நனையாமல் இருக்கிறது. நனைந்துவிட்டால் தானே கழற்றப் பார்க்கிறாள். கழிப்பறைப் பழக்கத்துக்கான பக்குவம் வருகிறது என்று தோன்றுகிறது.

ஆன்மா தவத்தால் பக்குவப்படும்போது இறைவன் குருவாய் வந்து உணர்த்துகிறான் என்கிறது மெய்கண்டார் இயற்றிய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரம். அப்படியானால் பக்குவம் வருமுன் பழக்குகிறவருக்கு என்ன வேலை? இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை.

என் அம்மா கைக்குழந்தையை நீட்டிய கால்களில் உட்காரவைத்து ‘ஸ்ஸ்’ என்பாள், குழந்தையும் போகும். அங்கே விழித்திருந்தது அம்மாவின் அறிவு. தன் உடம்பு சொல்வது குழந்தைக்கு இன்னும் எட்டவில்லை. 1962இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன், சுமார் 18 மாதம் வரை பொறுத்து, குழந்தை காட்டும் அடையாளங்களைப் பார்த்தே கழிப்பறைப் பழக்கத்தைத் தொடங்கச் சொன்னார். மிரட்டினால் நரம்பு முதிராது. வயதும் முழுக் கணக்காகாது. மெய்கண்டாருக்கு மூன்று வயதுக்குள்ளேயே ஞானம் வாய்த்தது என்பது மரபு.

ஆனாலும் நான் சும்மா இருக்கவில்லை. அவளுக்கு எட்டும் உயரத்தில் சின்ன இருக்கை வைத்திருக்கிறேன். ‘உச்சா’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். பக்குவத்தை உண்டாக்க என்னால் ஆகாது. அது வரும் வழியைத் திறந்துவைக்க ஆகும். அதட்டி உட்காரவைக்கச் சொல்லும் உறவினரிடம் இந்த ஒன்றில் நான் இணங்குவதே இல்லை.