மூச்சும் ஆசையும்

தை, மாசியில் தஞ்சைப் பக்கம் சம்பா அறுவடை. இயந்திரம் வயலில் இறங்கினால் தூசும் நெல் சுணையும் ஊரெங்கும் மிதக்கும். பொதுத்தேர்வுக்குப் பிள்ளைகள் படிக்கும் காலமும் அதுதான். இழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைக்கு இரவில் தூக்கம் போகிறது; மறுநாள் பாடமும் போகிறது.

நோய் பறிப்பதைவிட அச்சம் பறிப்பதே அதிகம். ‘ஓடாதே’ என்று வீடு சொல்கிறது. கொஞ்ச நாளில் பிள்ளையே தனக்கு அதைச் சொல்லிக்கொள்கிறது. காவலர் தேர்வின் 1,500 மீட்டர் ஓட்டம், வேளாண் படிப்பு, வெளியூர் விடுதி என ஒவ்வொரு ஆசையாக அடித்துவிடுகிறது. யாரும் தடுக்கவில்லை, அதனால் யாருக்கும் தெரிவதுமில்லை. மூச்சு சுருங்கினால் மருத்துவர் கண்டுபிடிப்பார். ஆசை சுருங்குவதைக் காட்ட எந்தக் கருவியும் இல்லை.

ஆனால் இழுப்பு ஓட்டத்துக்குத் தடையாக வேண்டியதில்லை. பதின்ம வயதிலேயே ஆஸ்துமா கண்டறியப்பட்ட பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃப், 2003இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி மகளிர் உலக சாதனை படைத்தார்.

இன்ஹேலர் அடிமையாக்கிவிடும் என்பது வீண் பயம். மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் சிறிய அளவே போதும். பெற்றோரே, மருத்துவர் சொன்னபடி அதை நாள் தவறாமல் கொடுங்கள். ‘ஓடாதே’ என்று சொல்வதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.