கழல மறுக்கும் நட்டும் குமரப்பாவின் ஊரும்

டி. கல்லுப்பட்டிக்குக் காந்தி நிகேதன் ஆசிரமத்தால் ஒரு தனிப் பெயர் உண்டு. ஜி. வெங்கடாசலபதி 1940-ல் தொடங்கிய அந்த ஆசிரமத்தில்தான் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். காந்தி மறைந்த அதே ஜனவரி 30-ல், 1960-ஆம் ஆண்டு, அவரும் மறைந்தார். ஊர் வழியே போகும் திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில் லாரியும் காரும் ஓய்வதில்லை. பஞ்சர் கடைகளுக்கும் ஓய்வில்லை. அகிம்சை பேசிய ஊரில், அந்தக் கடைகளின் வேலையை வைத்தே ஒரு கேள்வியைக் கேட்கலாம். இணங்க மறுக்கும் ஒன்றின்மேல் பலத்தைக் காட்டுவது எப்போது வன்முறையாகிறது?

பெரும்பாலான கார்களுக்கு வீல் நட்டை 100 நியூட்டன் மீட்டர் அளவில் முறுக்கினால் போதும். அரை மீட்டர் பிடியின் நுனியில் இருபது கிலோ எடை தொங்கினாலே அந்த முறுக்கம் வந்துவிடும். அதிலும் பத்தில் ஒன்பது பங்கை உராய்வு தின்றுவிடும்; மிஞ்சுவதுதான் நட்டு ஏறும் ஸ்டட்டை மயிரிழை அளவு இழுத்து நீட்டுகிறது. பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கும் எஃகின் அந்த இழுவையே சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அவசரத்தில் ஏர் கன்னை வைத்து அடித்து முறுக்கினால் இந்தக் கணக்கு கெட்டுப்போகும். மழையும் சேறும் சேர்ந்தால் மரைக்குள் துரு ஏறும். இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். நட்டு இறுகிவிடும்.

அகிம்சை என்றால் குறைந்த பலம் என்று பலர் நினைக்கிறார்கள். நட்டு அதை ஒப்புக்கொள்வதில்லை. வாய் அகன்று தேய்ந்த ஸ்பானரை எவ்வளவு மெதுவாகத் திருகினாலும் அது வழுக்கி மூலைகளை மழுக்கிவிடும். பன்னிரண்டு முனை சாக்கெட் மூலைகளை ஒட்டித்தான் பிடிக்கும். அளவு சரியான ஆறு முனை சாக்கெட்டோ ஆறு பக்கங்களிலும் படியும். அதில் நீளமான கம்பியை மாட்டி இரண்டு மடங்கு பலம் கொடுத்தாலும் நட்டின் வடிவம் கெடாது. பலம் பெரிதா சிறிதா என்பதைவிட, அது பொருந்தி இறங்குகிறதா என்பதே காயத்தைத் தீர்மானிக்கிறது. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடத்திய உப்பு யாத்திரையும் சின்ன பலம் அல்ல. ஒரு பேரரசை அசைக்கப் போன பலம் அது. எங்கே, எதை வைத்து, எந்தக் கையோடு என்று தேர்ந்து இறங்கியது.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் மூன்றும் 48, 49, 50 என அடுத்தடுத்து நிற்கின்றன. அரசனுக்குச் சொன்னவைதான். ஆனாலும் நல்ல மெக்கானிக் அந்த வரிசையை அறிந்தே வேலை செய்கிறார். பிடியை நீட்டுவது வலி. துருவிளக்கி எண்ணெயைப் பிரேக்கில் படாமல் மரையில் விட்டு, அது இடுக்கில் ஊறும் வரை பொறுப்பது காலம். ஜாக்கி போட்டுத் தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் ஊன்றி நிற்கும்போதே நட்டை இளக்கிவிடுவது இடம். இதில் பொறுப்பதுதான் கடினம். ரோட்டில் நிற்பவருக்குக் கால் மணி நேரம் காத்திருப்பது தோல்வி போலத் தெரியும்.

குமரப்பா கருவிகளுக்கு எதிரி அல்ல. 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராக அவர் வார்தாவில் இருந்த காலத்தில், அங்கே எண்ணெய்ச் செக்கைச் செப்பனிட்டார்கள், தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீபம்’ என்ற விளக்கை உருவாக்கினார்கள். சிறையில் எழுதி 1945-ல் வெளிவந்த ‘எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்’ நூலில் புலி, குரங்கு, பறவை, தேனீ, தாய் என்று வாழ்முறைகளை வரிசைப்படுத்தினார். அந்த வரிசையில் யாருக்கு எவ்வளவு பலம் என்பது அளவுகோல் அல்ல. எடுத்துக்கொள்ளும் இடத்தை எந்த நிலையில் விட்டுப்போகிறோம் என்பதே அளவுகோல்.

சரஸ்வதி பூஜையன்று ஸ்பானருக்கும் ஜாக்கிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, அன்று அவற்றுக்கு வேலை கொடுக்காமல் விடுவது மதுரைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்களில் பழகிய வழக்கம். தன் கையை மிஞ்சிய பலத்தைக் கையில் எடுக்கிறோம் என்ற அச்சமும் அந்த வணக்கத்தில் உண்டு. வாய் தேய்ந்துபோன ஸ்பானரைப் பொறுக்கி விலக்குவதையும் பூஜையின் பாகமாக்கினால் அந்த வணக்கம் முழுமை பெறும்.

எல்லாம் செய்தும் மசியாத நட்டு உண்டு. மூலை மழுங்கியதன்மேல் சற்றே சிறிய சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றித் திருக வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் உளி வைத்துப் பிளக்க வேண்டும். நட்டு போனது போனதுதான். இது வன்முறையா? சபர்மதியில் 1928-ல், பிழைக்க வழியின்றி வேதனைப்பட்ட ஒரு கன்றின் உயிரை ஊசி போட்டு முடிக்கச் செய்தார் காந்தி. அதை அகிம்சை என்றே வாதிட்டார். கடும் கண்டனத்தையும் ஏற்றார். உயிரையும் இரும்பையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் அழிப்பதற்கு முன் மற்ற வழிகளையெல்லாம் பார்த்தாயிற்றா என்ற கேள்வி இரண்டுக்கும் உண்டு.

அந்தக் கேள்வி முன்பு முறுக்கிய கையையும் தொடும். பொருளை வாங்குகிறவருக்கு அது உருவான விதத்திலும் பொறுப்பு உண்டு என்பது குமரப்பாவின் உறுதியான கொள்கை. வண்டிக்காரரும் அப்படித்தான். நட்டுகளைக் கையால் ஏற்றி, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, டார்க் ரெஞ்ச் வைத்து அளவு பாருங்கள் என்று கடையில் நின்று கேட்க வேண்டியவர் அவர்தான். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி அளவு பார்க்க வேண்டியவரும் அவர்தான்.